கில்மோர் சோலோவுக்கு சண்டை போடுறதுக்கு முன்னாடி

யாங்கோன்ல காளியம்மன் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா நாங்க ஆறேழு பேரு அங்கதான் கிடப்போம். அரசியல் பேச மாட்டோம், வீட்டுக் கதையும் பேச மாட்டோம், பேசுறதெல்லாம் பிங்க் ஃப்ளாய்ட் பேண்டோட கிதார்காரர் டேவிட் கில்மோரோட சோலோவுல, அதாவது பாட்டுக்குள்ள கிதார் தனியா முன்னாடி வந்து வாசிக்கிற எடத்துல, எது பெருசு, அது ஒண்ணுதான். இருபது வருஷமா இதே பேச்சு. போன மாசம் ஒரு நாள் சத்தம் ஏறிப் போயி டீ போடுற பையனே வந்து "மாமா மெதுவா"ன்னு சொல்லிட்டுப் போனான். அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசிச்சேன், நாங்க மூணு பேரு ஒரு மணி நேரம் கத்துனது ஒரே பாட்டப் பத்தித்தான், ஆனா மூணு பேரும் மூணு வேற ரெக்கார்டிங்க மனசுல வச்சுக்கிட்டு கத்தியிருக்கோம்.

சோலோவ எடை போடுறதுல இதுதான் முதல் தப்பு, என்னக் கேட்டா மத்த தப்பெல்லாம் இதுக்குள்ளேர்ந்துதான் வருது. 'கம்ஃபர்டப்ளி நம்' சோலோன்னா எது? 1979ல வந்த 'தி வால்' ஆல்பத்துலயே அந்தப் பாட்டுக்கு ரெண்டு சோலோ இருக்கு. நடுவுல சின்னதா ஒண்ணு, அது டி மேஜர் ஸ்கேல்ல, பல்லவி மாதிரி வர்ற கோரஸோட கார்டுங்க (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) மேல போறது, கடைசில பெருசா ஒண்ணு, அது பி மைனர்ல, சரணம் மாதிரி வர்ற வெர்ஸோட கார்டுங்க மேல. ரெண்டும் வேற மனசு. சின்னது விடிகாலை மாதிரி இருக்கும், பெருசு புயல் மாதிரி. இது போக மேடையில வாசிச்சது எத்தனையோ. 1994 அக்டோபர்ல லண்டன் எர்ல்ஸ் கோர்ட்ல எடுத்த 'பல்ஸ்' வீடியோவுல வர்ற கடைசி சோலோ ஆல்பத்துல இருக்கிறத விட ரொம்ப நீளம், வாசிப்பும் வேற. ஒருத்தன் 'பல்ஸ்' நெனச்சுட்டுப் பேசுறான், இன்னொருத்தன் ஆல்பத்த நெனச்சுட்டுப் பேசுறான், அப்புறம் எப்படி ஒத்துப் போகும் சொல்லுங்க. ஒருத்தர் ச்சோ ஸெய்ன், அதான் இனிப்பு தூக்கலா போடுற டீ, குடிச்சுட்டு இனிப்பு ஜாஸ்திங்கிறாரு, இன்னொருத்தர் இனிப்பு கம்மியான போ ஸெய்ன் குடிச்சுட்டு இல்லவே இல்லங்கிறாரு, ரெண்டு பேரு கையிலயும் இருக்கிறது டீதான்.

அன்னைக்கு மூணாவது ஆளு என் மச்சான். அவன் சொன்னது, "பெர்லின்ல வாசிச்சாரு பாரு, ரெண்டு கிதார் மாறி மாறி பதில் சொல்லிக்கும், அதுக்கு மேல ஒண்ணு கிடையாது." எல்லாரும் தலையாட்டினாங்க, நானும்தான் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பாத்தா அதுல கில்மோரே கிடையாது! 1990 ஜூலை 21, பெர்லின் சுவர் இடிஞ்ச எடத்துல, கில்மோரோட பேண்ட்ல முன்னாடி இருந்த ரோஜர் வாட்டர்ஸ் தனியா நடத்துன கச்சேரி அது, வாட்டர்ஸ் அஞ்சு வருஷம் முந்தியே பேண்ட விட்டுப் போயாச்சு. பெர்லின்ல அந்த சோலோவ வாசிச்சது ஸ்னோவி வைட்டும் ரிக் டிஃபோன்ஸோவும், கில்மோர் பாடுற வரிய அங்க பாடுனது வான் மாரிசன். மச்சான்கிட்ட சொன்னேன், ரெண்டு நாள் பேசல. யாரு வாசிச்சதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வாயத் தொறக்கிறது நல்லது, ஏன்னா இந்த பேண்ட்ல இந்தக் குழப்பம் ஜாஸ்தி. 'மணி' பாட்டுல கிதாருக்கு முன்னாடி வர்ற சாக்ஸஃபோன் டிக் பாரி வாசிச்சது, அத வேற யாராவது வாசிச்சிருப்பாங்கன்னு யாரும் நெனைக்கிறதில்ல, ஆனா ஸ்னோவி வைட் 1977 டூர்ல கூடவே நின்னு கிதார் வாசிச்சவரு, அந்தக் காலத்து திருட்டு ரெக்கார்டிங்க கேட்டுட்டு கில்மோர் கை தனியாத் தெரியுதுன்னு சொல்றவங்கள நான் கொஞ்சம் சந்தேகமாத்தான் பாப்பேன்.

இப்ப என் கதைய சொல்றேன், மச்சானோடத விட கேவலம். தொண்ணூறுகள்ல எங்களுக்கு எல்லாம் காசெட்தான், ஒரிஜினல் பாக்குறதே அபூர்வம், கடையில காலி காசெட் குடுத்தா பதிஞ்சு தருவாங்க. எனக்கு 'தி வால்' அப்படித்தான் வந்துச்சு. 'கம்ஃபர்டப்ளி நம்' அந்த ரெட்டை எல்பியில மூணாவது பக்கத்தோட கடைசிப் பாட்டு, பதிஞ்சவரு நேரத்தக் கணக்குப் பண்ணாம விட்டுட்டாரு போல, பெரிய சோலோ ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல கடக்குன்னு டேப் முடிஞ்சிரும். நான் அது அவ்வளவுதான்னு நெனச்சுட்டேன்! அப்படி பாதியில வெட்டி நிப்பாட்டுறதுதான் அந்தாளோட மேதைத்தனம்னு வேற நாலஞ்சு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நெசத்துல அது மெல்ல மெல்லக் கொறைஞ்சு மறையிற பாட்டு.

அதோட போகல. அந்த டேப் கொஞ்சம் வேகமா ஓடுச்சு. நூத்துக்கு ஆறு பங்கு வேகம் கூடுனா போதும், பாட்டு மொத்தமும் அரை ஸ்வரம் ஏறிடும். நான் கிதார் எடுத்து காதால கேட்டுக் கேட்டு கத்துக்கிட்டது சி மைனர்ல, 7வது ஃபிரெட்ல, அதாவது கிதார் கழுத்துல ஏழாவது கட்டத்துல, இருக்க வேண்டிய கை 8வது ஃபிரெட்ல. ஒரு திஞ்ஜானுக்கு தண்ணித் திருவிழா மேடையில பசங்க கூட வாசிக்கப் போனேன், அவங்க பி மைனர்ல ஆரம்பிச்சாங்க, நான் சி மைனர்ல லீட எடுத்தேன். கீழ நின்னவங்க தண்ணி ஊத்துனது கொண்டாட்டத்துக்கா இல்ல என்ன நிறுத்துறதுக்கான்னு இன்னைக்கும் தெரியல. அதனால சொல்றேன், எதுல கேட்டோம்ங்கிறதையும் கணக்குல எடுங்க. போன் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு "டோன்ல உயிரே இல்ல"ன்னு சொல்றது ரோட்டுல நின்னுக்கிட்டு சமையல குறை சொல்ற மாதிரி.

டோன்னு, அதாவது சத்தத்தோட தன்மைன்னு வந்துட்டா உடனே சாமான் பேச்சு வந்துரும். அவரு வச்சிருந்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரும், சத்தத்த கரகரப்பாக்குற பிக் மஃப் பெடலும் இருந்தா எல்லாம் வந்துரும்னு ஒரு கூட்டம். அந்தக் கறுப்பு கிதார் 2019 ஜூன்ல நியூயார்க் ஏலத்துல 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போச்சு, காசு மொத்தமும் சுற்றுச்சூழல் வேலைக்குக் குடுத்துட்டாரு, நல்ல விஷயம். ஆனா அவரோட எல்லா சோலோவும் அதுல வாசிச்சதுன்னு சொல்றது தப்பு. 'அனதர் பிரிக் இன் தி வால்' ரெண்டாம் பாகத்தோட சோலோ தங்கக் கலர் லெஸ் பால்ங்கிற வேற கிதார்ல வாசிச்சது, 1955 மாடல், அதுவும் ஆம்ப் கூட இல்லாம நேரா மிக்ஸிங் டெஸ்க்ல சொருகி, அப்புறம்தான் ஆம்ப் வழியா விட்டு சேத்தாங்க. 'டாக்ஸ்' பாட்டுல கேக்குற கடிக்கிற சத்தம் டெலிகாஸ்டர்ங்கிற இன்னொரு கிதார். எங்க கூட்டத்துலயே ஒரு தம்பி, ஒரு வருஷ சம்பளத்த சேத்து வச்சு பாங்காக்லேர்ந்து பெடல் வரவழைச்சான், அவன் வாசிக்கிறப்ப இன்னமும் அவன் வாசிக்கிற மாதிரியேதான் இருக்கு. பாவம், நல்லா வாசிக்கிறவன்தான், யாரோ மாதிரி வாசிக்கணும்னு நெனைக்கிறப்பதான் வர மாட்டேங்குது.

வேகம் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, ஒரு செகண்டுக்கு எத்தன நோட்டுன்னு எண்ணுறவங்க கில்மோர் பக்கம் வர்றதே கம்மி. ஆனா இவரு ரசிகருங்களுக்கு இதுக்கு நேர் எதிரா ஒரு வியாதி, வேகமா வாசிக்கிறவன் எல்லாம் சர்க்கஸ்காரன், மெதுவா வாசிச்சாதான் ஆத்மான்னு. மெதுவா வாசிச்சும் ஒண்ணுமே சொல்லாதவங்கள நான் நெறைய கேட்டிருக்கேன். இவருகிட்ட கேக்க வேண்டியது தந்திய எப்படித் தள்ளுறாருங்கிறது, அந்த 'பிரிக்' சோலோவுல ஒரு நோட்ட அழுத்தி ரெண்டு முழு ஸ்வரத்துக்கும் மேல இழுத்துட்டுப் போறாரு, அதுவும் போற வழியில ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு, கடைசில சரியா ஸ்வரத்துல போயி உக்காருது. நம்ம வீட்டு கிதார்ல அத முயற்சி பண்ணுங்க, ஒண்ணு தந்தி அறுந்துரும், இல்லன்னா ஸ்வரம் பக்கத்து வீட்டுக்குப் போயிரும்.

தமிழாளுங்க மட்டும் செய்யிற ஒரு தப்பு இருக்கு, அதயும் சொல்லிடுறேன். "இது நம்ம சுத்த தன்யாசிப்பா, நம்மகிட்டேர்ந்து எடுத்ததுதான்." பெருசுங்க சொல்லுவாங்க, கேக்க சந்தோஷமாத்தான் இருக்கும். அவரு அதிகம் வாசிக்கிற மைனர் பென்டடானிக் ஸ்கேல்ல இருக்கிற அஞ்சு ஸ்வரமும் சுத்த தன்யாசி ராகத்தோட ஸ்வரமும் ஒண்ணுதான், அது நெசம். ஆனா அவருக்கு அது வந்த வழி ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவங்களோட பாட்டு, தஞ்சாவூரு இல்ல. அதோட அந்த அஞ்சுக்குள்ளயே அவரு நிக்கவும் மாட்டாரு, நடுவுல ப்ளூஸ் நோட்ட ஒரு தட்டு தட்டிட்டுப் போவாரு, சுத்த தன்யாசி பாடுறவரு அப்படித் தட்டுனா சபாவுல எந்திரிச்சுப் போயிருவாங்க. ரெண்டு வீட்டுலயும் ஒரே அரிசி, அதுக்காக ஒரே குழம்புன்னு சொல்லிட முடியுமா.

ஆனா நம்மாளு காது உதவுற எடமும் உண்டு. கோயில்ல தவில் வாசிக்கிற மாமா ஒருத்தரு, ராக் மியூசிக்னா என்னன்னே தெரியாது, ஒரு நாள் எங்க பக்கத்து மேசையில உக்காந்து சமோசா தின்னுக்கிட்டிருந்தாரு. போன்ல 'மணி' ஓடிக்கிட்டிருந்துச்சு. அவரு பாட்டுக்கு மேசையில தட்ட ஆரம்பிச்சாரு, தகிட தகதிமி, தகிட தகதிமி. "என்னடா மிஸ்ர சாப்புல வாசிக்கிறான் வெள்ளைக்காரன்"ன்னாரு. ஏழு எண்ணிக்கை, சரியாப் புடிச்சுட்டாரு, சாக்ஸஃபோன் முடியிற வரைக்கும் தட்டினாரு, கிதார் சோலோ வந்த உடனே கை நின்னுச்சு, ரெண்டு செகண்ட் கேட்டாரு, "இப்ப நாலுக்கு மாத்திட்டான்"ன்னுட்டு சமோசாவ எடுத்துக்கிட்டாரு. இருபது வருஷமா அந்த சோலோவுக்கு சண்டை போடுற எங்கள்ல ரெண்டு பேருக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்!

அதுதான் பெரிய தப்பு, கிதார மட்டும் தனியாப் பிரிச்சுக் கேக்குறது. 'மணி' சோலோ தூக்குறதுக்கு பாதிக் காரணம் அடியில தாளம் மாறுறது, மீதிக் காரணம் நடுச் சுத்துல எக்கோவெல்லாம் எடுத்துட்டு பேண்டும் அடங்கிப் போயி கிதார் சத்தம் வறண்டு காது பக்கத்துல வந்து உக்காந்துக்கிறது, அப்புறம் மூணாவது சுத்துல மறுபடியும் எல்லாம் விரிஞ்சு மேல ஏறுறது. 'ஷைன் ஆன்' ஆரம்பத்துல ரிக் ரைட்டோட கீபோர்டு போட்டு வைக்கிற விரிப்ப எடுத்துட்டீங்கன்னா அந்த நாலு நோட்டு, பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ, வெறும் நாலு நோட்டுதான்.

இன்னும் ரெண்டு மூணு, சுருக்கமா. லேப் ஸ்டீல்ல, அதாவது மடியில படுக்க வச்சு வாசிக்கிற கிதார்ல, வாசிச்சா அது சோலோ கணக்குல வராதுன்னு சிலரு தள்ளி வச்சிடுவாங்க, அப்ப 'ஹை ஹோப்ஸ்' கடைசில வர்றத என்ன செய்யப் போறீங்க? அப்புறம் "ஒரே டேக்ல உருகி வாசிச்சது"ன்னு கதை கட்டுறது. 'கம்ஃபர்டப்ளி நம்' பெரிய சோலோ அப்படி இல்ல, அஞ்சாறு தடவ வாசிச்சுட்டு ஒவ்வொண்ணுலயும் நல்ல எடமாப் பாத்து குறிச்சு வச்சு ஒட்டுனதுன்னு அவரே சொல்லியிருக்காரு. ஒட்டுனதுன்னா மட்டமா? பூக்கட்டுறவங்க ஒரே செடியிலேர்ந்தா பறிக்கிறாங்க.

காப்பி தச்சின் விஷயம் இங்க நம்ம ஊருக்கே உரியது. வெளிநாட்டு மெட்டுக்கு பர்மிய வரி போட்டு பாடுறதக் கேட்டே வளந்தோம், நம்மள்ல பாதிப் பேருக்கு பெரிய ராக் சோலோங்க காதுல முதல்ல விழுந்தது அப்படித்தான், அப்புறம் ஒரிஜினல் கிடைச்சப்ப "நம்ம பாட்ட இவனுங்க சுட்டுட்டானுங்க"ன்னு கோபப்பட்டவங்களும் இருந்தாங்க, சிரிக்காதீங்க. இப்ப அதுக்கு எதிர்ப்பக்கம் போயி இங்க வாசிச்சவங்க எல்லாரும் வெறும் நகலுன்னு தூக்கிப் போடுறாங்க. இங்கத்து ராக் பேண்ட் ஐயர்ன் க்ராஸோட சிட் சான் மௌங் கிதார நேர்ல கேட்டவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. அடுத்தவரு சோலோவ நோட்டுக்கு நோட்டு எடுத்து, நம்ம ஊரு ஆம்ப்ல, எப்ப மீ ப்யெட் ஆகும்னு, அதான் கரண்ட் போகும்னு, தெரியாம மேடையில நின்னு வாசிக்கிறது சாதாரண வேலையா?

ஓட்டு எடுக்கிறது, பட்டியல் போடுறது எல்லாம் நாங்களும் செஞ்சு பாத்தோம், சிகரெட் அட்டைப் பின்னாடி எழுதி வச்சோம், ஒண்ணும் ஆகல. இப்ப எங்க மேசையில ஒரே ஒரு சட்டம், பாட்டு பேரு சொன்னா பத்தாது, எந்த வருஷம், எந்த ரெக்கார்டிங், எந்த நிமிஷம்னு சொல்லணும், சொல்லாதவன் டீக்கு காசு குடுக்கணும். சண்டை பாதியா கொறைஞ்சிருக்கு, மச்சான்தான் அடிக்கடி காசு குடுக்கிறான்.

என்னோடது என்னன்னு கேப்பீங்க. 1979, 'தி வால்', 'கம்ஃபர்டப்ளி நம்', நடுவுல ரெண்டு நிமிஷம் தாண்டினதும் வர்ற சின்ன சோலோ, பின்னாடி மைக்கேல் கேமன் அமைச்ச வயலினுங்களோட. ஏன் பெருச விட்டுட்டு சின்னதப் புடிச்சுட்டுத் தொங்குறேன்னு எல்லாரும் கேக்குறாங்க. அந்தப் பாட்டுல என் டேப்புல முழுசா இருந்த சோலோ அது ஒண்ணுதான்.