காற்றாலைத் திட்டத்துக்கு ஆட்சேபம் எழுதும் முறை: மன்னார் அனுபவத்திலிருந்து

இலங்கையின் மன்னார்த் தீவின் தென்கரையில் தலா 3.45 மெகாவாட் திறனுள்ள 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன்பின் வந்த திட்டங்களுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியதால், 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். வீதிப் போராட்டம் அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்குள் கோப்பில் ஏறவேண்டியது எழுத்துமூல ஆட்சேபமே.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துக் கூற 30 நாட்கள் வழங்கப்படும். அறிவித்தல் வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் வருமாகையால், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ ஆலய சபையோ ஒருவரை அதைக் கவனிப்பதற்கென்றே நியமிப்பது நல்லது, ஏனெனில் ஊர் கேள்விப்படும்போது பாதி நாட்கள் போயிருக்கும். அறிக்கை கைக்கு எட்டாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். “ஏன் அனுமதித்தீர்கள்?” என்று கேட்பதில் பயனில்லை, காற்றாலைக் கோபுரங்களின் அமைவிட வரைபடம், வடிகால் திட்டம், பறவைக் கணக்கெடுப்பு என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

அமைவிட வரைபடம் கிடைத்ததும் அதன்மேல் ஊரை வரையுங்கள். மாரியில் எங்கே வெள்ளம் தேங்குகிறது, எந்த வாய்க்கால் வழியாக அது கடலுக்கு வடிகிறது, கரைவலைப் பாடுகளும் (கரையிலிருந்து வலை இழுக்கும் இடங்கள்) குடிநீர்க் கிணறுகளும் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் முதியவர்களை உடன் வைத்துக் குறிக்கவேண்டும். கோபுரங்களுக்காக மண் கொட்டி உயர்த்திய பாதைகள் தாழ்நிலத்து மழைநீரை மறிக்கின்றன என்பதே மன்னாரில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அதை “வெள்ளம் வருகிறது” என்று எழுதினால் ஒருவரும் அசையமாட்டார்கள். இன்ன பாதை, இன்ன வாய்க்கால், இத்தனை நாள் தேங்கிய நீர் என்று திகதியிட்ட படங்களோடு எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோவது கடினம்.

பறவைகள் குறித்துக் கேட்கவேண்டிய முதற்கேள்வி, கணக்கெடுப்பு எந்த மாதங்களில் நடந்தது என்பது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் பறவைகள் இங்கே தங்குவது பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். பக்கத்திலுள்ள வங்காலைச் சரணாலயம் ராம்சர் ஈரநிலம், அதாவது சர்வதேச உடன்படிக்கையில் பட்டியலிடப்பட்ட ஈரநிலம், என்பதையும் குறிப்பிடுங்கள்.

மீன்பாடு குறைந்ததென்ற வாதத்தில் நிதானம் தேவை. 2020க்கு முந்திய கொள்முதல் பதிவேடுகள் சங்கத்தில் இருந்தால் இணையுங்கள், இல்லாவிட்டால் ஆய்வு கோரும் கேள்வியாக மட்டும் வையுங்கள். ஆதாரமற்ற ஒரு வரி, ஆதாரமுள்ள பத்து வரிகளையும் தள்ளிவிட அதிகாரிக்குச் சாக்காகிவிடும். 2025 பெப்ரவரியில் இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னார்க் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியதை முன்னுதாரணமாகக் காட்டுவதும் வேண்டாம். அந்த விலகல் மின் கட்டணம் பற்றிய மறுபேச்சையொட்டி நேர்ந்தது, வெள்ளத்தைப் பற்றியோ பறவைகளைப் பற்றியோ அதில் எந்தத் தீர்ப்பும் இல்லை.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதமே என்பதால், அனுமதி வழங்கப்பட்டதாக அறிந்த அன்றே சட்டத்தரணியிடம் இந்தக் கோப்போடு செல்லவேண்டும்.