ரிகுவோ 97 சைடுகார் வண்டி கையில கெடச்சா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

மொதல்லயே சொல்லிடறேன், ஆசையா காக்கி பெயிண்ட் டப்பா வாங்கி வெச்சிருந்தீங்கன்னா எடுத்துப் பரண்ல போட்டுடுங்க, அதுக்கு வேலை வர்றதுக்குள்ள மாசங்கள் ஓடிடும். இது மாதிரி ரெண்டாம் உலகப் போர் கால ஜப்பான் ராணுவ பைக் எடுக்கறவங்க நிறைய பேரு சறுக்கற எடம் இதுதான், பளபளன்னு ஆக்கிப் பாக்கணும்னு அவசரப்பட்டு, அந்த வண்டி என்னவா இருந்துச்சுங்கற தடயத்தையே சுரண்டி எடுத்துடுவாங்க.

வண்டியப் பத்தி ரெண்டு வரி தெரிஞ்சுக்கங்க, ஏன்னா கழட்டும்போது இது உதவும். ஹார்லி டேவிட்சன்கிட்ட லைசென்ஸ் வாங்கி ஜப்பான்ல இத செஞ்சது சான்கியோன்னு ஒரு கம்பெனி, அவங்க அடிப்படையில மருந்துக் கம்பெனி (மாத்திரைக்காரங்களுக்கு பைக் எதுக்குன்னு எனக்கும் தோணுச்சு). தொழிற்சாலை டோக்கியோ ஷினகவால. ஹார்லி 1936ல ஓவர்ஹெட் வால்வு (வால்வு சிலிண்டருக்கு மேல இருக்கற) இன்ஜினுக்குப் போனாங்க, இவங்க அது வேணாம், பழைய சைடு வால்வே (வால்வு சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கறது) போதும்னு தனி வழிய பிடிச்சு, ரிகுவோங்கற பேர்லயே ஓட்டிட்டாங்க. ரிகுவோன்னா தரைக்கு ராஜான்னு அர்த்தம். 97ங்கறது ஜப்பானோட ஏகாதிபத்திய ஆண்டு 2597, நம்ம கணக்குல 1937, அதோட கடைசி ரெண்டு எண்ணு. சைடுகார் சக்கரத்துக்கும் இன்ஜின் பவர் போறதுதான் இதோட விசேஷம்.

1. கழுவாதீங்க, போட்டோ எடுங்க

பிரஷர் வாஷ் கிட்டயே போகாதீங்க. சேறு, துரு, யாரோ கட்டுன கம்பி எல்லாத்தோடயும் நாலு பக்கமும் போட்டோ. அப்புறம் ஒவ்வொரு கேபிளும் எப்படி வளைஞ்சு போகுது, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கிட்டப் போய் எடுங்க. கழட்டற ஒவ்வொண்ணும் தனி கவர்ல, மேல பேரு எழுதி. போல்ட் ஒடஞ்சிருந்தாலும் தூக்கிப் போடக்கூடாது, புதுசு செய்ய லேத்துக்காரருக்கு அதுதான் அளவு.

2. மாஸ்க், கிளவுஸ்

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால ஏர் அடிச்சு தூசி ஊதவே ஊதாதீங்க, ஈரத்துணியால தொடைங்க. பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், தண்ணி போட்டுத் தேய்க்கணும். மீட்டர் முள்ளு இருட்டுல ஒளிர்ற டைப்பா இருந்தா அதுல ரேடியம் இருக்கலாம், ஒளிரறது நின்னு போயிருந்தாலும் கதிர்வீச்சு நிக்காது, கண்ணாடியத் திறக்காம அப்படியே வெச்சுடுங்க.

3. ஸ்பானர்

அடிப்படை ஹார்லிங்கறதால இன்ச் அளவு போல்டு வரும்னு எதிர்பாருங்க. 13 எம்எம் ஸ்பானர கிட்டத்தட்ட பொருந்துதேன்னு மாட்டித் திருப்புனா தலை மழுங்கிடும். இத்தன வருஷத்துல எத்தன கை மாறியிருக்கும், நடுவுல எவனாவது மெட்ரிக் மரை போட்டிருப்பான், அதனால த்ரெட் கேஜ் (மரை அளக்கற கருவி) வெச்சுப் பாத்துட்டுதான் அடுத்த வேலை.

4. இன்ஜின்

1200 சிசி கிளாஸ், 45 டிகிரி வி-ட்வின் (V எழுத்து மாதிரி நிக்கற ரெண்டு சிலிண்டர்). பெரும்பாலும் ஜாம் ஆகித்தான் கெடைக்கும். அப்ப கிக்கர் மேல ஏறி குதிக்கறது மாதிரி முட்டாள்தனம் வேற இல்ல, கிக்கர் பல்லு போச்சுன்னா அதுக்கு எங்க போவீங்க? சைடு வால்வுல ஒரு சௌகரியம், ஹெட் வெறும் மூடி மாதிரி, ராக்கர் கீக்கர் ஒண்ணும் கெடையாது, போல்ட கழட்டுனா பிஸ்டனும் வால்வும் கண்ணு முன்னாடி. ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு ஊத்தற ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து (நெருப்பு பக்கத்துல இல்லாம, ஜன்னல் திறந்து வெச்சு) பிஸ்டன் மேல ஊத்தி ஒரு வாரம் விடுங்க, நடுநடுவுல மறுபடி ஊத்துங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்த முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டுங்க. நூல் அளவு அசைஞ்சாக்கூட ஜெயிச்சுட்டீங்க. அதுக்கு முன்னாடி வால்வு கைடுல (வால்வு தண்டு ஏறி இறங்கற குழாய்) துருப் பிடிச்சு வால்வு நிக்குதான்னு பாத்துடுங்க, பிஸ்டன் நல்லா இருந்தும் வால்வுதான் வில்லனா இருக்கும்.

வால்வு லேப்பிங் (வால்வ அதோட சீட்டுல தேய்ச்சு சரியா உக்கார வைக்கறது) பேஸ்ட் போட்டு நீங்களே செய்யலாம். சிலிண்டர போர் பண்றது (குடைஞ்சு பெருசாக்கறது), உள்ள ஸ்லீவ் (புதுக் குழாய்) போடறது லேத் வேலை. ஆனா கிராங்க் பக்கம் நீங்களா போகாதீங்க, ரெண்டு கனெக்டிங் ராடும் ஒரே பின்னுல இருக்கும், ஃப்ளைவீல நேர் பாத்து சேக்கறது அனுபவஸ்தர் வேலை.

5. பெட்ரோல், கரண்ட்டு

கார்புரேட்டர்ல தக்கை மிதவை இருந்தா கவனம், அது மேல பூசியிருக்கற அரக்கு வார்னிஷ எத்தனால் கலந்த பெட்ரோல் கரைச்சுடும், தக்கை பெட்ரோல் குடிச்சு முங்கி கார்புரேட்டர் ஒழுகும். எத்தனால் தாங்கற சீலர் போடுங்க. வயரிங் ஆறு வோல்ட், பழைய துணி சுத்துன வயர் நொறுங்கியிருக்கும், அதே தடத்துல புதுசு இழுங்க, 12 வோல்ட்டுக்கு விக்கற வயரவிட தடிமனா.

6. மூணாவது சக்கரம்

டிரைவ் ஷாஃப்ட் இருக்கா, இல்ல எவனாவது கழட்டிட்டானான்னு மொதல்ல பாருங்க. பெட்டியத் திறந்து ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் (திரும்பும்போது ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கர செட்) இருக்கான்னு பாத்துக்கங்க. இல்லன்னா தார் ரோட்டுல அந்த டிரைவ போட்டு ஓட்டக்கூடாது, வண்டி திரும்பவே மாட்டேன்னு நேராப் பிடிவாதம் பிடிக்கும், பல்லு ஒடையும். அது சேறு, மணலுக்கு.

அலைன்மென்ட்டுக்கு ரெண்டு நேரான நீளப் பலகை போதும். ஒண்ணு பைக்கோட ரெண்டு டயரையும் ஒட்டி, இன்னொண்ணு சைடுகார் டயர ஒட்டி. முன்னாடி இடைவெளி பின்னாடிய விட 10லேர்ந்து 20 எம்எம் கம்மியா இருக்கணும், பைக் சைடுகாருக்கு எதிர்ப்பக்கமா ஒரு டிகிரி போல சாஞ்சிருக்கணும். இதுல ஒரு சாயங்காலம் போயிடும், போகட்டும்.

7. இப்பதான் பெயிண்ட்

சீட்டு அடி, பிராக்கெட் உள்பக்கம், டூல் பாக்ஸ் அடி, இங்கெல்லாம் வெயில் படாத ஒரிஜினல் கலர் கெடைக்கும். 1500 நம்பர் எமரிய தண்ணில நனைச்சு நாணய அளவுல தேய்ச்சா பெயிண்ட் அடுக்கடுக்கா வளையமாத் தெரியும், அடியில இருக்கற பிரைமருக்கு (அடிப்பூச்சு) நேர் மேல இருக்கற அடுக்குதான் உங்க கலர். எழுத்து, நட்சத்திரம் ஏதாவது தெரிஞ்சா ட்ரேசிங் பேப்பர்ல எடுத்துக்கங்க. பாதிக்கு மேல ஒரிஜினல் பெயிண்ட் நிக்குதுன்னா, என்னக் கேட்டா அடிக்காதீங்க, சுத்தம் பண்ணி மெழுகு போட்டு விட்டுடுங்க. டொக்கு விழுந்த மட்கார்டுக்கும் பட்டி பாக்க வேணாம்.

8. ஸ்டார்ட்

இக்னிஷன் டைமிங் (பிளக்ல தீப்பொறி விழற நேரம்) கையால மாத்தற லீவரோ கிரிப்போ இருந்தா ரிடார்ட்ல (தீப்பொறி தாமதமா விழற பக்கம்) வெச்சுட்டுதான் கிக்கர் அடிக்கணும், இல்லன்னா திருப்பி அடிச்சு கணுக்கால் போயிடும். கிளட்ச் கால்ல, கியர் கையில, அதனால மொத நாள் காலி மைதானத்துல மட்டும். சைடுகார்ல ஒரு மணல் மூட்டை போட்டுக்கங்க, வெறுமனே இருந்தா அந்தப் பக்கம் திரும்பும்போது தூக்கும். 30 கிலோமீட்டர் ஓடுனதும் வண்டிய ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலைல ஹெட் போல்ட்ட இன்னொரு சுத்து டைட் பாருங்க, கண்டிப்பா கொஞ்சம் இளகியிருக்கும்.