குளியலறை பிளக் பாயிண்ட்: எம்சிபி மட்டும் போதாது

ஷாக் அடித்தால் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விழாது. நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிரை எடுக்க அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபியோ அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அது வயரைக் காக்க வந்தது. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். 100, 300 என்று இருப்பவை இதற்கு உதவாது. ஓவர்லோடு ஆர்சிசிபிக்குத் தெரியாது என்பதால் எம்சிபியும் கூடவே இருக்கட்டும்.

குளியல் தொட்டி, ஷவர் தட்டு இவற்றின் விளிம்பிலிருந்து 60 செ.மீ.க்குள் பிளக் பாயிண்ட் வரவே கூடாது. வெறும் தரையில் குளிக்கும் ஷவர் என்றால் ஷவர் தலையிலிருந்து 1.2 மீட்டர். பல நாடுகளின் விதி இதைவிடக் கடுமையானது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடி போட்ட ஐபிஎக்ஸ்4 (தண்ணீர் தெறித்தாலும் தாங்கும்) பாக்ஸ் நல்லதுதான். ஆனால் பிளக்கைச் செருகியதும் மூடி திறந்தே நிற்கும் மாடல் என்றால் அந்தப் பாதுகாப்பு அப்போதே போயிற்று. பிளக்கோடு சேர்த்து மூடும் ஆழமான மூடியாக வாங்குங்கள். வயர் பாக்ஸின் அடிப்பக்கமாக, கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையம்) வழியே நுழையட்டும். சிலிகானை மேலும் இரு பக்கமும் மட்டும் பூசுங்கள். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழியிருக்காது, டெர்மினல் பச்சை பூத்துவிடும்.

கை வைக்கும் முன் டெஸ்டரை வேறொரு கரண்ட் உள்ள பாயிண்டில் சோதித்து, பிறகு மெயினை அணைத்து இங்கே வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது அல்லவா?

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழுந்தது என்பதற்காக எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பட்டன் எர்த் இல்லாமலே வேலை செய்யும். எர்த்தைத் தனியாக மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதா? பெரும்பாலும் கீசர்தான். சுவிட்சை அணைத்தாலும் விழுவதைப் பார்த்து, கீசரில் கோளாறில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும்; ஓட்டை விழுந்த எலிமென்ட் வழியே நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டேயிருக்கும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு வயரிங்கிலோ, நேரடியாக இணைத்த விளக்கு, ஃபேன் போன்றவற்றிலோ இருக்கலாம். எலக்ட்ரீஷியன் மெக்கர் (வயரின் காப்புறையைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிக்கும்வரை ஆர்சிசிபியை பைபாஸ் செய்யாதீர்கள்.