நிக்சி குழாய்க் கடிகாரத்துக்கு வீட்டு மின்சாரம் நேரடியாக வேண்டாம்: 12 வோல்ட்டிலிருந்து 174 வோல்ட் எடுக்கும் முறை

இலக்கங்களை ஒளிரவைத்துக் காட்டும் பழைய வகைக் கண்ணாடிக் குழாயான நிக்சி குழாயில் ஓர் இலக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டுமானால், உள்ளிருக்கும் நியான் வாயு முதலில் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்க வேண்டும். சோவியத் காலத்து ஐ.என்.-12, ஐ.என்.-14 குழாய்களுக்கு அதற்கு ஏறத்தாழ 170 வோல்ட் டி.சி. தேவைப்படுகிறது. இத்தனை வோல்ட் என்றவுடன் சுவரில் இருக்கும் பிளக்தான் பலர் கண்ணில் படுகிறது. 230 வோல்ட் ஏ.சி.யை நான்கு டையோடுகள் வழியே செலுத்தி மின்தேக்கியில் சேர்த்தால் 325 வோல்ட் டி.சி. வந்துவிடும், மீதியை ஒரு மின்தடை பார்த்துக்கொள்ளும் என்று நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டே நாள்களில் அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நேரடி இணைப்பில் எந்த முனையைத் தொட்டாலும், தரையில் ஊன்றியிருக்கும் உங்கள் கால் வழியாகச் சுற்று முழுமையாகிவிடும். மின்னோட்டம் மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது, உயிரைப் பறிக்க அதில் நூற்றில் ஒரு பங்கே போதும். எனவே நமக்கு வேண்டிய மாற்று மூன்று வகையில் பாதுகாப்பாக இருக்க வேண்டும்: பூமியோடு தொடர்பு இருக்கக் கூடாது, தரக்கூடிய மின்னோட்டம் குறைவாக இருக்க வேண்டும், அணைத்த பிறகு மின்தேக்கியில் மிச்சம் நிற்கக் கூடாது. 12 வோல்ட் அடாப்டரும் அதன் பின்னால், குறைந்த டி.சி. மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்றான ஒரு சிறிய பூஸ்ட் கன்வெர்ட்டரும் இவை மூன்றையும் நிறைவேற்றுகின்றன. சால்டர் வைக்கவும் மல்டிமீட்டரில் அளக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

முதலில் எவ்வளவு திறன் வேண்டும் என்று பாருங்கள். ஒரு குழாய்க்கு 2.5 மில்லி ஆம்பியர் என்றால் ஆறு குழாய்களுக்கு 15 மில்லி ஆம்பியர். 170 வோல்ட்டில் அது சுமார் 2.6 வாட். கன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 3.5 வாட் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் போதும். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம். 9 வோல்ட் சதுர பேட்டரியை முயலாதீர்கள், 0.4 ஆம்பியர் இழுத்தால் அதன் மின்னழுத்தம் உடனே சரிந்துவிடும்.

அடாப்டரை வாங்கும்போது அதன் மீது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் என்ற குறியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த இரட்டைச் சதுரம், மின்சாரப் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே இரட்டைக் காப்பு இருப்பதைக் குறிக்கிறது.

இனிச் சுற்று. எம்.சி.34063 சில்லு, 100 மைக்ரோஹென்றி காயில், ஐ.ஆர்.எஃப்.740 மாஸ்ஃபெட், யு.எஃப்.4004 டையோடு, 250 வோல்ட் தாங்கும் 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவை முக்கியமான பாகங்கள். 390 வோல்ட் வரை திருகி உயர்த்தக்கூடிய ஆயத்த மாட்யூல்களும் கிடைக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மின்தடைகளால் நிலையாக வைத்த மின்னழுத்தமே தொடக்கநிலையினருக்கு நல்லது. 470 கிலோஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராகவும், அவற்றின் கீழே 6.8 கிலோஓம் ஒன்றையும் வைத்தால், சில்லு ஒப்பிட்டுப் பார்க்கும் 1.25 வோல்ட்டை வைத்து 1.25 × (1 + 940/6.8) என்ற கணக்கில் 174 வோல்ட் வரும். ஒரே பெரிய மின்தடைக்குப் பதிலாக இரண்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கால் வாட் மின்தடைகள் பலவும் 250 வோல்ட் வரைதான் தாங்கும், பாதியாகப் பிரித்தால் எப்போதும் அந்த வரம்புக்கு வெகு கீழேயே இருக்கும். டையோடைப் பொறுத்தவரை, கையில் இருக்கிறதே என்று 1என்4007 போடாதீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் இடத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடாகி, மின்னழுத்தத்தையும் ஏறவிடாது.

வெளியீட்டு மின்தேக்கியின் குறுக்கே 220 கிலோஓம் இரண்டைத் தொடராக வையுங்கள். அணைத்த 10 விநாடிகளுக்குள் உயரழுத்தம் வடிந்துவிடும். 12 வோல்ட் பக்கத்தில் 1 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். ஒவ்வொரு குழாயின் ஆனோடிலும் (நேர்மின் முனை) 15 கிலோஓம் வைத்தால் மின்னோட்டம் 2.3 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். குழாய்களை மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டர் 174 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு கை சட்டைப்பையிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கட்டும்.

நான் அடிபட்ட இடத்துக்கு இப்போது வருகிறேன். எல்லாம் சரியாக வேலை செய்தது. கடிகாரத்தை இயக்கும் சிறிய கணிப்பலகையான அர்டுயினோவில் நேரத்தைத் திருத்துவதற்காக யு.எஸ்.பி. கம்பியை மேசைக் கணினியில் செருகினேன். குழாய்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. நான்காவது குழாயின் ஆனோடு முனையில் சுட்டுவிரல் பட்ட அதே நொடியில், இடது முழங்கை கணினியின் இரும்புப் பெட்டியில் சாய்ந்திருந்தது. கை தானாகத் துள்ளி விலகியது; குழாய் ஒன்று தரையில் விழுந்து உடைந்தது. காப்பிடப்பட்ட மின்சாரம்தானே, எப்படி அடித்தது என்று அன்று மாலை முழுவதும் யோசித்தேன். பூஸ்ட் கன்வெர்ட்டரின் எதிர்மின் முனையும் அர்டுயினோவின் கிரவுண்டும் ஒன்று, யு.எஸ்.பி. கம்பி அதைக் கணினிப் பெட்டியோடு இணைக்கிறது. கணினிப் பெட்டி மூன்று முனை பிளக் வழியாகப் பூமியோடு இணைந்திருக்கிறது. அடாப்டர் காத்து வைத்த பிரிவை ஒரு யு.எஸ்.பி. கம்பியால் நானே அழித்திருக்கிறேன். அதன் பிறகு 12 வோல்ட் வரும் வழியில் ஒரு சுவிட்ச் வைத்து, அதை அணைத்து, 10 விநாடி காத்திருந்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகே யு.எஸ்.பி.யைச் செருகுகிறேன். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். அலைக்காட்டியின் (ஆசிலோஸ்கோப்) கிரவுண்டு கிளிப்பும் பூமியோடு இணைந்ததுதான் என்பதால், அதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பூமித் தொடர்பே இல்லாவிட்டாலும் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் 174 வோல்ட் அடிக்கத்தான் செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த இருவர், 12 வோல்ட் பக்கத்து உலோகத்தைப் புறங்கையால் தடவினால் மெல்லிய அதிர்வு தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். ஸ்விட்சிங் வகை அடாப்டர்களில் இரு பக்கங்களுக்கும் இடையே ஒய் வகை மின்தேக்கி ஒன்று இருக்கும். அதன் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே அது. தரச்சான்று பெற்ற அடாப்டரில் அதனால் ஆபத்தில்லை. ஆனால் சான்று இல்லாத மலிவு அடாப்டரில் அந்த இடத்தில் சாதாரண மின்தேக்கி இருக்கக்கூடும். அது பழுதாகி இணைந்துவிட்டால் 230 வோல்ட் நேராக உங்கள் மேசைக்கு வந்துவிடும். அதிர்வு தெரிந்து, பதிவு எண்ணும் இல்லையென்றால் அந்த அடாப்டரை மாற்றிவிடுங்கள். இரும்பு உள்ளகம் கொண்ட, கையில் எடுத்தால் கனக்கும் பழைய வகை 12 வோல்ட் அடாப்டர்தான் என் விருப்பம். அதில் இந்த மின்தேக்கியே இல்லை. சுமை இல்லாதபோது அது 16 வோல்ட்டைத் தாண்டினாலும் எம்.சி.34063 40 வோல்ட் வரை தாங்கும். அர்டுயினோவுக்கு மட்டும் 5 வோல்ட்டைத் தனியே பிரித்துக் கொடுங்கள்.