கூரையில் ஈரம் தெரிந்ததும் மாடிப்படி ஏறிவிடாதீர்கள்

குளியலறைக்கு வெளியே, கூரை மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. முதல் நாள் பார்த்தபோது இது எப்போதும் இருந்ததுதானோ என்று தோன்றியது, நான்காம் நாள் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தது, ஐந்தாம் நாள் காலை தலையில் ஒரு சொட்டு. நேராக மாடி ஏறிப் போய் மேல் வீட்டுக்காரரிடம் கத்திவிட்டேன். அவர் நல்ல மனிதர், பதிலுக்குக் கத்தாமல், தன் குளியலறைத் தரையை உடைத்துப் பார்க்கவே சம்மதித்தார். உடைத்தால் உள்ளே பொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் வந்தது இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் சுவருக்குள் இறங்கும் கழிவுக்குழாயின் ஒரு இணைப்பிலிருந்து. டைல்ஸ் செலவை நான்தான் கொடுத்தேன். அவர் மறுபடி என்னிடம் முகம் கொடுத்துப் பேச ஆறு மாதம் ஆனது.

அன்றைக்கு நான் செய்யாமல் விட்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதற்குச் சில நாள் பொறுமை போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் ஆபத்தை மட்டும் பாருங்கள். ஈரம் விளக்கு, ஃபேன், சுவிட்ச் பக்கம் வந்திருந்தால் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை மெயின் பாக்ஸிலேயே நிறுத்திவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், நனைந்த சுவிட்சில் கை வைப்பதே தவறு. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும். பூச்சு உப்பித் தொங்கினால் அதன் கீழே யாரும் நிற்கவோ தூங்கவோ கூடாது. ஜிப்சம் பலகை போட்ட பொய்க்கூரை என்றால் மேலே தண்ணீர் தேங்கி ஒரேயடியாக இடிந்து விழும், அதனால் மின்சாரத்தை நிறுத்தியபின் கீழே வாளி வைத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, நீளக் குச்சி நுனியில் கட்டிய ஆணியால் உப்பின இடத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வடித்துவிடுவது நல்லது.

சரி, இப்போது ஒரு பென்சில் எடுங்கள். கறையின் ஓரத்தைச் சுற்றி லேசாக ஒரு கோடு, பக்கத்தில் தேதி, நேரம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மரத்தண்டின் வளையம் மாதிரி வரும், எந்தப் பக்கம் வளர்கிறது, எப்போது வேகமாக வளர்கிறது, எப்போது நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். கோடு தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். கறை பெரிதாகிறது என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், தேதி போட்ட கோட்டைக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

இது கசிவுதானா என்பதே அடுத்த கேள்வி. காற்றோட்டம் இல்லாத அறையில் வெந்நீர் ஆவி குளிர்ந்த கூரையில் பட்டு நீராகிவிடுவதும் உண்டு, பார்க்க ஓதம் மாதிரியே இருக்கும், கரும்புள்ளிப் பூஞ்சையும் பிடிக்கும். பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஈர இடத்தைத் துணியால் ஒற்றித் துடைத்து, ஒரு முழ அகல பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, ஒருநாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது கூரையைத் தொடும் பக்கம், நீர்த்துளி கட்டினால் தண்ணீர் கான்கிரீட்டுக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது உங்கள் அறைக் காற்றிலிருக்கும் ஈரம், மேல் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னலைத் திறங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், வேலை முடிந்தது. டேப் ஈரத்தில் ஒட்டாது என்பதால் ஓரத்தைக் காய்ந்த இடம் வரை நீட்டி ஒட்டுங்கள்.

கசிவுதான் என்று ஆனால், அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கால்வாசித் துப்பு. இரவு பகல் பாராமல், யாரும் தண்ணீர் புழங்காத நேரத்திலும் ஒரே சீராகச் சொட்டினால், அழுத்தத்தில் தண்ணீர் ஓடும் வரத்துக் குழாய் எங்கோ ஒழுகுகிறது. காலையில் எல்லோரும் குளித்து ஒரு மணி நேரம் கழித்து ஈரம் ஏறி, மத்தியானத்துக்குள் காய்ந்தால், அது கழிவுநீர் போகும் வழி அல்லது தரை. மழை பெய்த மறுநாள் மட்டும் வந்தால் வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரம், மொட்டைமாடி என்று தேட வேண்டும். மேல் வீட்டார் ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தபோது கறை காய்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது, அதுவும் இலவசம். (அப்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் ஒன்று வரத்துக் குழாய், இல்லையென்றால் என் வீட்டில் நடந்த மாதிரி பொதுக் குழாய்.)

இன்னொன்றும் மனதில் வையுங்கள்: தண்ணீர் விழும் இடமும் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்துக்குள் அது சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும், விட்டத்தைத் தொட்டால் அதன் ஓரமாகவே நடக்கும், ஒயர் போகும் பைப்புக்குள் புகுந்தால் இன்னும் வசதி, அறை முழுக்கக் கடந்து நடுவில் ஃபேன் மாட்டும் கொக்கி வழியாகச் சொட்டும். என் கறைக்கு நேர் மேலே அவருடைய குளியலறை இருந்தது, அதனால் அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். தப்பு.

இவ்வளவும் கையில் இருக்கும்போது மேலே போகலாம். போகிற நேரம் முக்கியம். ராத்திரி பத்து மணிக்கோ, அவர்கள் வேலைக்கு ஓடும் காலையிலோ, படிக்கட்டில் நாலு பேர் முன்னாலோ ஆரம்பிக்காதீர்கள். "உங்க பாத்ரூம் ஒழுகுது" என்று தொடங்கினால் "எங்க பாத்ரூம்ல ஒண்ணும் இல்லையே" என்றுதான் பதில் வரும், அது மனித இயல்பு, அப்புறம் இருவரும் அந்த இரண்டு வாக்கியத்தையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக, "எங்க கூரையில ஒரு கறை வந்திருக்கு, எங்கேர்ந்து வருதுன்னு தெரியலை, ஒரு நிமிஷம் கீழ வந்து பார்க்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேலே டைல்ஸ் பளபளவென்று இருக்கும், அவருக்கு அங்கே எதுவும் தெரிய வாய்ப்பே இல்லை, பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். செலவுப் பேச்சை முதல் நாள் எடுக்கவே எடுக்காதீர்கள். "சேர்ந்து கண்டுபிடிப்போம்" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்துங்கள், மறுநாள் சோதனைக்கு நேரம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோதனைகளை ஒரே நாளில் போட்டுக் குழப்பக் கூடாது. ஒன்று செய்தால் ஒருநாள் காத்திருக்க வேண்டும், கான்கிரீட் நனைந்து கீழே வர நேரம் பிடிக்கும். முதலில் இரவு படுக்கும்போது மேல் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடச் சொல்லுங்கள். வழக்கமாக இரவிலும் சொட்டிக்கொண்டிருந்தது அன்று காலையில் நின்றிருந்தால் வரத்துக் குழாய்தான். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எண்ணைப் பாருங்கள், ஓடியிருந்தால் எங்கோ போகிறது. அது தேறிவிட்டால் அடுத்த நாள், தரையை நனைக்காமல், வாளித் தண்ணீரை நேராக வடிகால் ஓட்டைக்குள் மட்டும் நாலைந்து தடவை ஊற்றுங்கள். கீழே ஈரம் வந்தால் தரைக்குக் கீழே இருக்கும் டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு), அல்லது அதன் இணைப்பு. வரவில்லையா, அதற்கடுத்த நாள் வடிகாலைத் துணியோ ரப்பர் மூடியோ வைத்து அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டு, 24 மணி நேரம் பாருங்கள். வாசற்படியைத் தாண்டி வழியாமல் கவனம், கூரை ஏற்கெனவே உப்பியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இதில் ஈரம் வந்தால் தரை டைல்ஸ் இடுக்கு அல்லது தரையும் சுவரும் சேரும் மூலை. கடைசியாக ஷவர் படும் சுவரை மட்டும் நனைத்துப் பாருங்கள்.

கமோடு மேல் சந்தேகம் இருந்தால் ஃப்ளஷ் தொட்டியில் உணவுக்குப் போடும் நிறத்தைக் கலக்குங்கள். ஃப்ளஷ் செய்யாமல் அரைமணிக்குள் கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே அடைப்பான் ரப்பர் தேய்ந்திருக்கிறது, தண்ணீர் வீணாகிறது, ஆனால் உங்கள் கூரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிறத்தண்ணீரை நாலு முறை ஃப்ளஷ் செய்தபின் கூரையில் நிறம் வந்தால் மட்டுமே கமோடின் அடிப்பகுதி இணைப்பு குற்றவாளி. நிறம் வராததால் அது நிரபராதி என்றும் சொல்ல முடியாது, சிமென்ட் நிறத்தை வடிகட்டிவிடும்.

பிளம்பரைக் கூப்பிடுவது இதற்கு அப்புறம். இரண்டு வீட்டாரும் இருக்கும்போது வரச்சொல்லுங்கள், அவர் உங்களிடம் ஒன்றும் மேலே ஒன்றும் சொன்னார் என்ற சண்டை அதோடு ஒழியும். எடுத்தவுடன் "மொத்தத்தையும் உடைச்சிடலாம்" என்பவரை நான் நம்புவதில்லை. தரை இடுக்குதான் காரணம் என்றால் முதலில் பழைய கிரவுட்டை, அதாவது டைல்ஸ் இடுக்கை நிரப்பும் சாந்தை, சுரண்டி எடுத்து, தண்ணீர் எளிதில் புகாத எபாக்ஸி கிரவுட் போட்டு, மூலைகளில் சிலிகான் சீலன்ட் அடித்து, இரண்டு வாரம் பார்க்கலாம். பல வீடுகளில் அதோடு நிற்கும். நிற்காவிட்டால்தான் டைல்ஸை எடுத்து வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். கீழிருந்து கூரையில் எதையாவது பூசி அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் உள்ளேயே தங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கடைசியில் கான்கிரீட்டே பிளந்து துண்டாக விழும்.

மேல் வீட்டுக்காரருக்கு உங்கள் கூரையைப் பற்றிக் கவலையே இல்லை என்றால் ஒரு கணக்கு உதவும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒருநாளைக்கு 86,400 சொட்டு. ஒரு சொட்டைக் கால் மில்லி என்று வைத்தால் 21 லிட்டருக்கு மேல். வரத்துக் குழாய் ஒழுகல் என்றால் அது அவருடைய தண்ணீர். அதற்கும் அசையாவிட்டால், தேதி போட்ட போட்டோக்களோடு மரியாதையான ஒரு கடிதம், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு நகல். வாடகைக்கு இருப்பவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, இரண்டு பக்கமும் வீட்டு உரிமையாளர்கள் பேசட்டும்.

சொட்டு நின்ற மறுநாளே பெயின்ட் அடிக்கும் ஆசை வரும். அடக்குங்கள். நனைந்த சுவர் காய ஒரு அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று கட்டட வேலையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஃபேன் ஓடினால் கொஞ்சம் சீக்கிரம் காயும். அதே பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டுங்கள், உள்பக்கம் காய்ந்திருந்தால்தான் பட்டி. பூச்சில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது தண்ணீர் சுமந்து வந்த உப்பு, காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள், ஈரத்துணி போட்டால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பூஞ்சையைக் கழுவ பிளீச்சிங் திரவம் எடுத்தால் அதோடு கழிப்பறை ஆசிட்டையோ அம்மோனியா உள்ள எதையுமோ சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். சாதாரண பெயின்டை நேராக அடித்தால் மஞ்சள் கறை மீண்டும் எட்டிப்பார்க்கும், கறையை மறைக்கும் எண்ணெய் பிரைமர் ஒரு கோட் கொடுத்துவிட்டு அடியுங்கள்.

நீங்களே மேல் வீட்டுக்காரர் என்றால், கீழே இருந்து ஒருவர் வந்து சொல்லும்போது ஒரு தடவை இறங்கிப் போய்ப் பாருங்கள், அவ்வளவுதான். போன மாதம் எங்கள் மேல் வீட்டுக்காரர் அவராகவே கீழே வந்து, சோஃபா மேல் ஏறி நின்று கூரை மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சுதான் இருக்கு, இந்தப் பென்சில் கோட்டையாவது அழிச்சிடுங்க சார்" என்றார்.