எச்.ஐ.வி. தொற்றில் குடலைக் காப்பது எப்படி? ஆன்டிபாடி ஊசிச் செய்திகளைப் படிக்கவும் ஒரு கையேடு

தருமபுரி, கிருஷ்ணகிரி ஏ.ஆர்.டி. மையங்களில் (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் மையங்களில்) மாத்திரை வாங்கக் காத்திருப்பவர்களிடையே, குடலின் எதிர்ப்புச் சக்தியைக் காக்கும் ஊசி வந்துவிட்டதாமே, இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுவதுண்டு. நிறுத்தக் கூடாது என்பதே இன்றைய பதில். ஆனால் அந்த ஊசியைப் பற்றிய செய்தி வெறும் புரளியும் அல்ல. அது ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிக்கொண்டு தடுக்கும் புரதம், கொண்ட ஊசி. அதில் எது உண்மை, எது மிகை என்று தெரிந்துகொண்டால், உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்கலாம்.

முதலில் குடலைப் புரிந்துகொள்ளுங்கள். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் மிகப் பெரும்பங்கு குடற்சுவரை ஒட்டியே இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளே நுழைந்த சில வாரங்களிலேயே, இரத்தப் பரிசோதனையில் சி.டி.4 (எச்.ஐ.வி. முக்கியமாகத் தாக்கும் எதிர்ப்பு அணு) எண்ணிக்கை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, குடலில் உள்ள சி.டி.4 அணுக்கள், குறிப்பாகக் குடற்சுவரைப் பழுதுபார்க்க உதவும் டி.எச்.17 வகை அணுக்கள், பெருமளவில் அழிந்துவிடுகின்றன. பிறகு சுவர் கசியத் தொடங்கி, குடல் பாக்டீரியாவின் கூறுகள் இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் ஓயாத அழற்சியை உண்டாக்குகின்றன. 2006இல் வெளியான ஆய்வு இதை இரத்தத்திலேயே அளந்து காட்டியது. குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி. என்ற உறவு வைரஸும் ரீசஸ் குரங்குகளின் குடலில் இதையே செய்வதால், ஆன்டிபாடி ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றிடமே தொடங்குகின்றன.

இந்த எதிர்ப்பு அணுக்கள் இரத்தத்திலிருந்து குடலுக்குப் போய்ச் சேர, அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஆல்ஃபா4-பீட்டா7 என்ற புரதம், குடலின் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள மேட்காம்-1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆல்ஃபா4-பீட்டா7ஐ ஆன்டிபாடி கொண்டு மறைத்துவிட்டால், வைரஸுக்கு இரையாகும் அணுக்கள் குடலில் குவிவது குறையும் என்பதே இந்தச் சிகிச்சையின் கணக்கு. 2016இல் வெளியான ஆய்வில், எஸ்.ஐ.வி. தொற்றிய எட்டுக் குரங்குகளுக்குச் சுமார் மூன்று மாதம் கூட்டு மருந்தும் அதோடு இந்த ஆன்டிபாடியும் கொடுத்து, பிறகு எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் வைரஸ் கட்டுக்குள்ளேயே இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் 2019இல் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வில் பயன்பட்ட வைரஸின், அதை வீரியமாக்கும் நெஃப் என்ற மரபணுவிலேயே ஒரு குறை இருந்ததும் தெரியவந்தது. அதே புரதத்தைக் குறிவைக்கும் வெடோலிசுமாப், பெருங்குடல் அழற்சிக்காக 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோதும், கூட்டு மருந்தை நிறுத்தியதும் வைரஸ் மீண்டும் பெருகியது. இந்த ஊசியைப் பற்றிப் பரவும் காணொளிகள் 2016ஆம் ஆண்டு முடிவோடு நின்றுவிடுவதுதான் சிக்கல்.

ஆகவே இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால், சோதனை குரங்கிடமா மனிதரிடமா, கூட்டு மருந்தோடு சேர்த்தா அதற்குப் பதிலாகவா, வேறொரு குழு செய்தபோதும் அதே முடிவு வந்ததா என்று பாருங்கள். எல்லா ஆன்டிபாடிகளும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபாலிசுமாப் என்ற ஆன்டிபாடி, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துத் தரப்படுவது. தொற்று வராமல் தடுக்கச் சோதிக்கப்பட்ட வி.ஆர்.சி.01 என்ற ஆன்டிபாடி, அதற்கு எளிதில் பணியும் வைரஸ் வகைகளை மட்டுமே தடுத்தது.

இன்று குடலைக் காக்கும் உறுதியான வழி, சீக்கிரம் கண்டறிந்து சீக்கிரம் கூட்டு மருந்தைத் தொடங்குவதுதான். தாய்லாந்தில் தொற்றின் தொடக்க வாரங்களிலேயே மருந்து தொடங்கியவர்களின் குடல் அணுக்கள், தாமதமாகத் தொடங்கியவர்களுடையதைவிட நன்றாகக் காக்கப்பட்டிருந்தன. சந்தேகத்துக்குரிய தொடர்பு ஏற்பட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் தடுப்பு மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார். அந்த நேரம் கடந்துவிட்டால் நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இலவசமாகப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்று இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். தொற்று உறுதியானால், சி.டி.4 எண்ணிக்கை எதுவானாலும் சிகிச்சை தொடங்கலாம் என்பது 2017 முதல் இந்தியாவின் கொள்கை. வேலைக்காக ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று போகிறவர்கள், மாத்திரை தீர்ந்த பிறகு அல்ல, கிளம்பும் முன்பே மையத்தில் சொல்லிக் கூடுதல் மாத்திரையோ வேறு மையத்துக்கு மாற்றமோ கேட்டுப் பெறுங்கள்.

மாத்திரை சரியாக உடலில் சேர்வதும் முக்கியம். எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் ஒன்றான டோலுடெக்ராவிர் அடங்கிய மாத்திரையோடு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கினால் மருந்து போதிய அளவு உறிஞ்சப்படாது. கர்ப்பிணிகளுக்குக் கிராமச் செவிலியர் தரும் மாத்திரைகளும் இவையே என்பதால், இரண்டையும் சாப்பாட்டோடு ஒன்றாக எடுக்க வேண்டும்; அல்லது டோலுடெக்ராவிரை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலூசில் போன்ற மருந்துகளுக்கும் இதே இடைவெளி தேவை. அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்தாலும் பலன் இல்லை. கால்சியம் உள்ள உணவே ஆனாலும், கேழ்வரகுக் களி தின்பதில் தடையில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிரின் அளவை மருத்துவர் கூட்டுவார்.

ஏற்கெனவே புண்பட்ட குடலுக்குப் புதுக் கிருமி வேண்டாம். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். (இது கிருமிக்குத்தான், நம் பகுதிக் கிணறுகளின் ஃப்ளூரைடு கொதிக்க வைத்தாலும் போகாது, அதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே நல்லது.) காய்ச்சாத பால், சரியாக வேகாத இறைச்சி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். தயிரும் மோரும் நல்ல உணவுதான். அவை சிகிச்சை ஆகா. வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துக்கொண்டே இருங்கள். இரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ, கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல் ஏ.ஆர்.டி. மையத்துக்கே நேரில் போய் மலப் பரிசோதனையும் சி.டி.4 பரிசோதனையும் கேளுங்கள். போவதற்கு முன் ஏதேனும் கேட்க வேண்டுமென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.