பிராக் ஊர சொந்தமா நடந்து சுத்தப் போறீங்களா? இந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க

பாஸ்போர்ட்ட பத்திரமா வைங்க, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க, கூட்டத்துல பர்ஸ பாத்துக்கோங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், நான் சொல்லப்போறதில்ல. கைடு வேணாம், மேப்ப பாத்து நாங்களே நடந்துக்கறோம்னு பிராக் வர்ற நம்ம ஆளுங்க, நான் புதுசா வந்தப்போ எங்கெங்க மாட்டுனேனோ அதே இடத்துல ஒவ்வொரு சம்மரும் மாட்டிக்கறாங்க, பாத்து பாத்து அலுத்துப்போய்தான் எழுதறேன். சின்ன ஊர்தான், பழைய பகுதி முழுக்க நடக்கற தூரம், கைடு இல்லாம தாராளமா பாக்கலாம். ஆனா ஒரே ஒரு விஷயத்துல சொதப்புனா மொத்த நாளும் போச்சு, அதத்தான் முதல்ல சொல்றேன்.

கீழ இருந்து மேல ஏறுறது

எந்த மேப்ப எடுத்தாலும் 'ராயல் ரூட்'னு ஒண்ணு போட்டிருக்கும். பவுடர் டவர்ல ஆரம்பிச்சு, செலெட்னா தெரு வழியா ஓல்ட் டவுன் ஸ்கொயர், அங்க மணிக்கொரு தடவ பொம்மை ஷோ காட்டற பழைய கடிகாரம், அப்புறம் கார்லோவா தெருவுல வளைஞ்சு வளைஞ்சு போய் சார்லஸ் பிரிட்ஜ், ஆத்த தாண்டி கோட்டை அடிவாரத்துல இருக்கற மாலா ஸ்ட்ரானா பகுதி, கடைசியா நெருடோவா தெரு மேட்டுல ஏறி கோட்டை. பொஹீமியா, அதாவது இப்போ செக் நாட்டுல இருக்கற பகுதி, அதோட ராஜாக்கள் முடிசூட்டிக்க ஊர்வலமா போன வழி இது, கடைசியா அப்படி முடிசூட்டு விழா நடந்தது 1836ல. நல்ல வழிதான், யாரு இல்லன்னா? ஆனா ராஜா குதிரையில போனாரு, அவர் போய்ச் சேர்ற வரைக்கும் சர்ச் கதவு அவருக்காக தொறந்திருந்துச்சு. நமக்கு யாரும் தொறந்து வைக்க மாட்டாங்க.

எப்படி நடக்கும்னு சொல்றேன் பாருங்க. ஹோட்டல்ல டிபன முடிச்சுட்டு 10 மணிக்கு கிளம்புவீங்க, கடிகாரத்துக்கு 11 மணி, சதுக்கத்துல போட்டோ, சாப்பாடு, பாலத்துல ஒவ்வொரு சிலைக்கும் ஒரு செல்ஃபி, 3 மணிக்கு நெருடோவா மேடு, மூச்சு வாங்கி நின்னு நின்னு மேல போறப்போ 4 தாண்டிடும். கோட்டைக்குள்ள இருக்கற கட்டடங்க ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் 5 மணிக்கு மூடுவாங்க, குளிர்காலத்துல 4 மணிக்கே. கோட்டைக்குள்ள இருக்கற பெரிய சர்ச், செயின்ட் வைட்டஸ் கதீட்ரல், அதுக்குள்ள விடறத அதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே நிறுத்திடுவாங்க. இதுல கொடுமை என்னன்னா கோட்டையோட முற்றம் ராத்திரி 10 மணி வரை தொறந்திருக்கும், மேப்ல அந்த நேரத்த பாத்துட்டு "10 மணி வரைக்கும் டைம் இருக்குடா"ன்னு நம்பிடறாங்க.

போன சம்மர்ல ஃப்ரெண்ட் ஒருத்தன் அவனோட அப்பா அம்மாவ கூட்டிட்டு வந்தான். முந்தின நாள் ராத்திரியே வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டேன், டேய் மேல இருந்து ஆரம்பிடான்னு. கேக்கல. ராயல் ரூட்டுன்னா ராயலா போகணும்னு காமெடி வேற. அம்மாவுக்கு முட்டி வலி, நெருடோவாவுல ரெண்டு கடை வாசல்ல உக்காந்து உக்காந்து ஏறியிருக்காங்க, மேல போனா கதீட்ரல் வாசல்ல கயிறு கட்டிட்டாங்க. 1344ல ஆரம்பிச்சு 1929ல கட்டி முடிச்ச சர்ச்சுங்க அது, வெளிச்சுவர பாத்துட்டு திரும்பிட்டாங்க, மறுநாள் காலைல ஃப்ளைட். அந்தம்மா என்கிட்ட "பரவாயில்லப்பா, வெளியவே நல்லாதான் இருந்துச்சு"ன்னாங்க. இன்னும் எனக்கு அது ஆறல.

சரி, எப்படி போகணும்? காலைல 22ம் நம்பர் ட்ராம் பிடிங்க. எல்லாரும் 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' ஸ்டாப்ல, அதாவது கோட்டை ஸ்டாப்ல இறங்குவாங்க, நீங்க இறங்காதீங்க, ரெண்டு ஸ்டாப் தள்ளி போஹோர்ஜெலெட்ஸ்ல இறங்குங்க. அது கோட்டையவிட உயரம். அங்க இருந்து எல்லாமே இறக்கம்தான்: ஸ்ட்ராஹோவ் மடத்துப் பக்கம் நின்னா மொத்த ஊரும் தெரியும், அடுத்தது லொரேட்டா சர்ச், அப்படியே நடந்தா கோட்டை வாசல். 9 மணிக்கு தொறக்கறப்போ நீங்க அங்க நிக்கணும். (தண்டவாள வேலை நடந்தா ட்ராம் ரூட்ட மாத்துவாங்க, ஸ்டாப்ல ஒட்டியிருக்கற பேப்பர ஒரு தடவ பாத்துக்கோங்க.) ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் கதீட்ரல்ல காலைல பூசை நடக்கும், டூரிஸ்டுகள மதியம் 12க்கு மேலதான் விடுவாங்க.

முட்டி வலிக்காக மட்டும் இத சொல்லல. மேல இருந்து வந்தாதான் இந்த ஊர் கதையே புரியும். கோட்டைக்குள்ள பழைய அரண்மனைல ஒரு ஜன்னல் இருக்கு. 1618 மே 23ம் தேதி புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் உள்ள புகுந்து, கத்தோலிக்கப் பேரரசரோட கவர்னர்கள் ரெண்டு பேரையும் அவங்க செக்ரட்டரியையும் அங்க இருந்து தூக்கி வெளிய போட்டாங்க, கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம். மூணு பேரும் பொழச்சுட்டாங்க, மாதா தாங்கிப் பிடிச்சான்னு கத்தோலிக்கர் சொன்னாங்க, குப்பமேட்டுல விழுந்தானுங்கன்னு எதிர்க்கட்சி சொல்லுச்சு. முப்பதாண்டுப் போர் ஆரம்பிச்சது இதுலதான். 1620ல வெள்ளை மலைச் சண்டைல அந்த பிரபுக்கள் தோத்தாங்க. நீங்க கீழ இறங்கி பாலத்த தாண்டறப்போ ஓல்ட் டவுன் பக்கம் ஒரு கோபுரம் நிக்கும், அந்தக் கலகத்துக்காக தலை வெட்டப்பட்டவங்கள்ல 12 பேரோட தலைய அதுல பத்து வருஷம் தொங்கவிட்டிருந்தாங்க. அங்க இருந்து சதுக்கத்துக்கு வந்தா, பழைய டவுன் ஹால் பக்கத்துல தரைல வெள்ளைக் கல்லுல 27 சிலுவை பதிச்சிருக்கும், 1621 ஜூன் 21ல தண்டனை நிறைவேத்துன இடம். கலகம் ஆரம்பிச்ச ஜன்னல பாத்துட்டு வந்தவங்க அங்க தானா நிப்பாங்க. கீழ இருந்து போறவங்க அந்த சிலுவை மேலயே நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் மூடுன அரண்மனைக்கு வெளிய நிக்கறாங்க.

பாலத்துக்கு மதியம் போறது

மேல இருந்து ஆரம்பிச்சா பாலத்துக்கு கூட்ட நேரத்துல வருவோமேன்னு கேப்பீங்க. கரெக்ட், வருவீங்க. அதுக்கு ஒரே வழி, சூரியன் உதிக்கறப்போ பாலத்துக்கு போயிடுங்க, அந்த நேரத்துல நாலஞ்சு போட்டோகிராஃபரும் ஒரு கல்யாண ஜோடியும் மட்டும் இருப்பாங்க. அப்புறம் மாலா ஸ்ட்ரானாவுல காபிய குடிச்சுட்டு அதே 22 ட்ராம்ல மேல. பாலம் நாலாம் சார்லஸ் ராஜா 1357ல ஆரம்பிச்சது, சிலைங்க எல்லாம் ரொம்ப பின்னாடி வந்தது, நெபோமுக் ஜான்ங்கற புனிதரோட சிலைதான் அதுல மூத்தது, 1683. நிறைய சிலை இப்போ நகல், ஒரிஜினல மியூசியத்துக்கு எடுத்துட்டாங்க. அதனால எல்லாத்தையும் தொட்டு கும்பிடணும்னு அவசியம் இல்ல.

கடிகாரத்துக்கு அடியில தவம் கிடக்கறது

மணி அடிக்கறதுக்கு அரை மணி முன்னாடியே போய் நின்னு, கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்து, எலும்புக்கூடு கயித்த இழுக்க, அப்போஸ்தலருங்க ஜன்னல்ல வந்து போக, சேவல் கூவ, ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும், "அவ்ளோதானா?"ன்னு எல்லா பாஷைலயும் ஒரு சத்தம் வரும். ஷோவ விடுங்க. 1410ல வச்ச கடிகாரம் அது, பாக்க வேண்டியது டயல். வெளிவட்டத்துல பழைய எழுத்துல 24 நம்பர் இருக்கும், அது சூரியன் மறையறதுல இருந்து எண்ணற பழைய செக் நேரம், அஸ்தமனம் மாற மாற அந்த வட்டமும் நகரும். இத மணி அடிக்காத நேரத்துல, கூட்டம் கலைஞ்சப்புறம் நின்னு நிதானமா பாருங்க. அப்படியே ரெண்டு தெரு தள்ளி கரோலினம் இருக்கு, 1348ல ஆரம்பிச்ச சார்லஸ் யுனிவர்சிட்டியோட பழைய கட்டடம். சங்க இலக்கியத்த ஆராய்ச்சி பண்ண கமில் சுவலபில் பொறந்து படிச்சது இந்த ஊர்லதான், இந்த யுனிவர்சிட்டிலதான். நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கறதில்ல, கடிகாரத்துல பிசியா இருக்காங்க.

சிவப்பு நம்பரையும் நீல நம்பரையும் குழப்பிக்கறது

ஒவ்வொரு வீட்லயும் ரெண்டு நம்பர் பலகை இருக்கும். நீலம்தான் தெருவுல வரிசையா போற நம்பர். சிவப்பு அந்த வட்டாரத்துல பதிவான நம்பர், பக்கத்து வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. அட்ரஸ்ல சாய்கோடு போட்டு ரெண்டும் எழுதியிருப்பாங்க, முதல்ல இருக்கறது சிவப்பு, அடுத்தது நீலம். முதல் நம்பர வச்சுக்கிட்டு பெட்டியோட தெருவ மூணு தடவ அளக்கறவங்கள நான் பாத்துட்டே இருக்கேன். நம்பரே இல்லாத காலத்துல வீட்டுக்கு சின்னம்தான் அடையாளம், நெருடோவாவுல மூணு வயலின், ரெண்டு சூரியன்னு வாசலுக்கு மேல இன்னும் இருக்கு, இறங்கி வர்றப்போ தலைய தூக்கி பாத்துட்டே வாங்க.

தெருவுல காசு மாத்தறது

இங்க யூரோ இல்ல, கொருனா. தெருவுல ஒருத்தன் நல்ல ரேட் தரேன்னு வந்தா நிக்காதீங்க, செல்லாத வேற நாட்டு நோட்ட கைல வச்சுட்டு போயிடுவான், அசப்புல பாத்தா தெரியாது. கடைல மாத்துறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும்: 2019ல இருந்து சட்டப்படி, 1000 யூரோ வரைக்கும் மாத்துனத 3 மணி நேரத்துக்குள்ள ரசீதோட திருப்பிக் கொடுத்து கேன்சல் பண்ணலாம். கமிஷன் இல்லன்னு பெருசா போர்டு வச்சு ரேட்டுல கைய வைக்கற கடைல மாட்டுனா உடனே திரும்பி போங்க. கார்டு மெஷின் ரூபாயா கொருனாவான்னு கேட்டா கொருனா.

ட்ராம் டிக்கெட்ட பாக்கெட்லயே வச்சுக்கறது

காகித டிக்கெட்னா ஏறுனதும் மஞ்சள் மெஷின்ல குத்தணும். குத்தலன்னா அது டிக்கெட்டே இல்ல, செக்கர் ஃபைன் போடுவார்.

செருப்பு

தரை முழுக்க சின்ன சின்ன கருங்கல்லு, மழைல வழுக்கும். ஷூ.

ட்ரெடெல்னிக்

பாரம்பரிய செக் பலகாரம்னு சொல்லி விப்பாங்க. கிடையாது.

சனிக்கிழமை யூதர் பகுதி

யோசெஃபோவ்ல மியூசியமும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை மூடியிருக்கும், யூத பண்டிகை நாள்லயும் அப்படித்தான். உங்களுக்கு இருக்கறது சனி ஒரு நாள்தான்னா அந்தப் பகுதிய விட்டுட்டு அந்த நேரத்தையும் கோட்டைக்கே குடுங்க.